வெல்டர் ஞானப்பிரகாசத்துக்காக ஒரு மன்றாட்டு

மந்தாரக்குப்பத்தில் எனக்கு ஒரு வாடகை அறை, நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய மண்ணை அள்ளும் கான்ட்ராக்ட் வேலை, 'ரைட்டர்' என்ற பட்டம், மூன்றும் உண்டு. பெர்மனென்ட் ஆனது பட்டம் மட்டும்தான். ஒரு மாத இதழில் வந்த என் கவிதையை மாதா கோயில் வாசலில் எல்லோரிடமும் காட்டினேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் ரைட்டர்தான், என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் சொந்தங்களை விட்டு வந்தவனுக்கு இதுவே பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

போரில் அவதிப்படும் மக்களுக்காக ஞாயிறு பூசையில் ஒரு மன்றாட்டு வேண்டும் என்றார் பங்குச் சாமியார். அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் ரைட்டராச்சே. ரெண்டு வரி எழுதிக்கினு வந்து நீங்களே படிச்சிடுங்க."

ரெண்டு வரியா? என்னை யாரென்று நினைத்தார்?

வெளியே சகாயராணி காத்திருந்தாள். மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவள். அவள் கணவன் வெல்டர், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை. அங்கே இப்போது குண்டு விழுகிறது.

"அண்ணே, ஒரு வாரமா அவருகிட்டேருந்து போன் இல்ல. நானும் போனையே பார்த்துகினு கெடக்கறேன். வேண்டுதல்ல அவரு பேரைச் சொல்லிடுங்கண்ணே. ஞானப்பிரகாசம். கோயில்ல எல்லாரும் சேர்ந்து கேட்டா..." போனை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"கண்டிப்பா சொல்லுதேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது 'வெல்டர் ஞானப்பிரகாசம்' என் நடையில் முள்ளாகக் குத்தியது. 'அந்நிய மண்ணில் உழைக்கும் அன்புக் கரங்கள்' என்று மாற்றினேன். அவரும் அதில் அடக்கம்தானே? எல்லா மன்றாட்டும் 'ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்' என்றே முடியும். எல்லோரும் சொல்வதைச் சொல்ல ரைட்டர் எதற்கு? அதை வெட்டிவிட்டு, 'குருதி நனைத்த விடியலே, நீ வெளுப்பது எப்போது?' என்று முடித்தேன். படித்துப் பார்த்து நானே அழுதேன்.

ஞாயிறன்று மைக்கில் ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்தேன். கோயிலில் சத்தமே இல்லை. மெய்சிலிர்த்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சிலிர்க்கட்டும் என்று நின்றேன்.

முன்வரிசைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "முடிஞ்சிடிச்சா, இன்னும் பாக்கி கீதா?"

அப்போதுதான் உறைத்தது. 'உம்மை மன்றாடுகிறோம்' என்று காதில் விழுந்தால்தான் ஜனங்கள், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்பார்கள். அதைத்தான் நான் வெட்டியிருந்தேன். போரில் சாகிறவர்களுக்காக அந்தக் கோயிலில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

சகாயராணி எழுந்தாள்.

"அவரு பேரு வரலியேண்ணே."

பீடத்தைப் பார்த்துத் தானே சொன்னாள்: "சாமி, எங்க வூட்டுக்காரரு பேரு ஞானப்பிரகாசம். குண்டு விழற ஊர்ல இருக்காரு. கூட இருக்கறவங்க பேரு எனக்குத் தெரியாது, அவங்களையும் காப்பாத்து. ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

கோயிலே பதில் சொன்னது. மைக் முன்னால் நின்றதால் என் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

பூசை முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். "மன்னிச்சிரும்மா."

"நல்லாத்தான் இருந்திச்சு. இன்னா சொல்றீங்கன்னுதான் புரியல." போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கும் இங்க ஆளு இல்லியே, வேண்டிக்கறேன். உங்க பேரு இன்னாண்ணே?"

'குமரித் தென்றல்' என்ற புனைபெயர் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.

"சேசடிமை."

"அடுத்த வாரமும் நீங்களே படிங்கண்ணே. பேரை மட்டும் வுட்றாதீங்க."

அடுத்த ஞாயிறும் போன் வந்திருக்கவில்லை. மைக் முன்னால் நின்றேன்.

"குண்டு விழும் ஊரில் இருக்கும் வெல்டர் ஞானப்பிரகாசமும் அவரோடு இருக்கிற எல்லோரும் உயிரோடு வீடு திரும்ப, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

நான் எழுதியதற்கு ஜனங்கள் வாய் திறந்து பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. சகாயராணியும் சொன்னாள், போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.