சத்தத்தைக் கூட்டி வைங்க

டயாலிசிஸ் அறையின் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்ற தம்பி உள்ளே போகவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. பிடிவாதம் அவர்கள் குடும்பச் சொத்து. அதில் தம்பிக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு வந்துவிட்டது.

அக்கா அவன் பின்னாலேயே நின்றாள். போன முறை ஊசி நழுவி, போர்வைக்குள்ளேயே ரத்தம் ஊறி, அவன் பிழைத்ததே பெரிய காரியம். அதன்பின் ஒரு முறை வராமல் இருந்துவிட்டான். கால் வீங்கி, மூச்சு இரைக்கிறது. இன்றும் தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"கடவுள் பாத்துப்பார்டா, வா" என்றாள். அந்தக் கடவுளோடு அவளுக்கே சில நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அன்னிக்கு யாரும் பாக்கல. மிஷின் சத்தம் யாருக்கும் கேக்கல. நீதானே குறைக்கச் சொன்ன."

உண்மைதான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. குக்கர் விசில் அடித்தால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். பாவம், அலாரத்தைத் தாங்கமாட்டான் என்றுதான் நர்ஸிடம் கெஞ்சிக் குறைக்க வைத்தாள்.

"உனக்குத்தான் சத்தமே ஆகாதே."

"எதுக்குன்னு தெரியாத சத்தம்தான் ஆகாது. இது தெரியும். இது கத்தினா யாராவது வருவாங்க."

இத்தனை வருடம் கூடவே இருந்தும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

"சத்தத்தைக் கூட்டி வைங்க" என்றாள் நர்ஸிடம்.

நர்ஸ் கூட்டினாள். "போதுமா தம்பி?"

"இன்னும்."

"சரிதான், இன்னிக்கு என் தூக்கம் போச்சு" என்றார் பக்கத்துக் கட்டில் பெரியவர். தம்பி படுத்தான். கையைப் போர்வைக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டான்.

பாதியில் மிஷின் அலறியது. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நர்ஸ் ஓடிவந்து, மடங்கியிருந்த குழாயை நீவிவிட்டாள். தம்பி முகம் சுளித்தான். ஆனாலும் அசையவில்லை.

"வந்தாங்க பாத்தியா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

நர்ஸ் திரும்பிப் போகப் பார்த்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள். தனக்கென்று இதுவரை யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"என்னால முடியலைங்க. வெளிய போய்க் கொஞ்சம் அழுதுட்டு வரேன். இவன பாத்துக்கறீங்களா?"

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்தாள். "மெதுவா வாங்க. நான் இருக்கேன்."