மழலைச் சுற்று

கவிப்பிரியா ஏழு வயதிலேயே மாமியார் ஆகிவிட்டாள். பதற வேண்டாம், டிவியில்தான். ‘சுட்டி சம்சாரம்’ என்று ஒரு நிகழ்ச்சி. குழந்தைகள் நிகழ்ச்சி என்று பெயர், ஒளிபரப்பாவது இரவு ஒன்பதரைக்கு. மூக்கு ஒழுகுகிற வயதுப் பிள்ளைகள் புருஷன், பெண்டாட்டி, நாத்தனார் என்று வேஷம் கட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள். நடுவர்கள் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஏற்காட்டிலிருந்து போன கவிப்பிரியா இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்து, “உங்கொப்பன் ஊட்டுல இருந்து என்னத்தடி கொண்டாந்த?” என்று மருமகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள், அரங்கமே எழுந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் ‘குட்டி மாமியார்’. வரதட்சணை கேட்ட அந்த வாயில் முன்பல் இரண்டைக் காணோம். அதுதான் கொள்ளை அழகு என்றார்கள்.

அவளுடைய அப்பன் வசந்த், ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ரூம் புரோக்கர். சேலத்திலிருந்து பஸ் வந்து நின்றதும், இறங்குகிறவர்களின் முகத்துக்கு நேரே லேமினேட் செய்த அட்டையை நீட்டி, “ரூம் வேணுங்களா சார்? லேக் வியூங்க, ஹாட் வாட்டர் இருக்குதுங்க” என்பான். பாத்ரூம் ஸ்டூல் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தால் ஏரியில் ஒரு முழம் தெரியும். அந்த ஒரு முழத்தைக் காட்டியே அறையைத் தள்ளிவிடுகிற சாமர்த்தியசாலி அவன். மகள் பிரபலமான பிறகு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. “குட்டி மாமியாரோட அப்பாங்க நான்” என்றால் போதும், ஏரி தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்தக் குட்டி மாமியார் அவனை அப்பா என்று கூப்பிடுவதில்லை. ஒரு வாரம் மேடையில் தொகுப்பாளினி, “உங்கப்பா எங்கம்மா?” என்று கேட்டதற்கு, “வசந்த் சாருங்களா? என்ற மேனேஜருங்க. அதோ நிக்கறாரு” என்றாள் கவிப்பிரியா. சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. வீட்டுக்கு வந்த பிறகும் வசந்த் சார்தான். அம்மாக்காரி சிவரஞ்சனி பிளவுஸ் தைப்பவள், வியாபாரம் தெரிந்தவள். “மாத்தாதீங்க, அது நல்லா ஓடுது” என்றாள். வசந்துக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. எட்டு மாசமாகச் சொந்த மகள் வாயிலிருந்து சார் பட்டம்! மலையில் எவனுக்குக் கிடைத்திருக்கிறது?

இந்த நிலைமையில்தான் தை மாசம் டைரக்டர் ஃபோன் பண்ணினார். யாரோ ஒரு புண்ணியவான் எங்கேயோ மனுப் போட்டுவிட்டானாம், குழந்தைகளை வைத்து இப்படியெல்லாம் பேச வைக்கலாமா என்று. சேனலுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தைகள் மேல் பாசம் பொங்கிவிட்டது.

“செமி ஃபைனல்ல மாமியார் வேணாம் சார். மழலைச் சுற்றுன்னு வச்சிருக்கோம். மூணே நிமிஷம். பாப்பா பாப்பாவா இருக்கணும், அவ்வளவுதான். ஷூட்டிங்கும் உங்க ஏற்காட்லதான், ஒரு ரிசார்ட்ல. இதுல தேறினா ஃபைனல். ஃபைனல்ல ஜெயிச்சா நேரா சீரியல்.”

இது ஒரு விஷயமா என்று நினைத்தான் வசந்த். சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

“கண்ணு, நீ கொழந்தையா இருக்கோணுமாம்.”

“ஸ்கிரிப்ட் குடுங்க, வசந்த் சார்.”

“ஸ்கிரிப்ட் எல்லாம் இல்ல சாமி. சும்மா இரு. கொழந்த மாதிரி.”

கவிப்பிரியா திருதிருவென்று விழித்தாள். சிவரஞ்சனி பரணிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். வாங்கிய பிள்ளை அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நெறம் கம்மியா இருக்குது. பரவால்ல, சமையல் தெரியுமா?” என்றாள். சரி, மழலையாவது பேசு என்றார்கள். பேசினாள். மூன்றாவது வாரம் குடிகாரப் புருஷன் வேஷம் போட்டிருந்தாளல்லவா, நாக்குக் குழறியதும் அதுதான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வேறு காட்டினாள். சிவரஞ்சனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வசந்துக்குத் தன் சின்ன வயசு ஞாபகம் வந்தது. அப்போதும் டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சி வரும், ஞாயிற்றுக்கிழமை காலையில். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருப்பார். சாக்குத்துணியில் செய்த குரங்கு பொம்மை ஒன்று பேசும். அதற்குள் கை விட்டிருப்பவரின் முழங்கை வரைக்கும் தெரியும். பழைய பேப்பரில் கப்பல் செய்யச் சொல்லிக் கொடுப்பார்கள், அது யாருக்கும் ஒழுங்காக வராது. ஒரு பையன் பாட்டுப் பாட வந்து பாதியில் மறந்துபோய் டவுசரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “பரவாயில்லை, போய் உட்காரு” என்பார். உண்மையைச் சொன்னால் படு சுமாரான நிகழ்ச்சி. ஆனாலும் மறந்துபோன பையனை யாரும் எலிமினேட் பண்ணவில்லை, அவனுடைய அம்மா அழுவதை குளோசப்பில் காட்டவும் இல்லை.

சரி, வேறு ஏதாவது குழந்தையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஊருக்குள் தேட ஆரம்பித்தார்கள். அடேயப்பா, குழந்தைக்கு இவ்வளவு பஞ்சமா! பக்கத்து வீட்டு ஆண்டனி ராஜின் மகன் இட்லித் தட்டை ஃபோனுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, “ஹாய் கைஸ், சட்னி கொஞ்சம் ஏமாத்திருச்சு” என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு ஐந்து வயதுச் சிறுமி வெயிலுக்கு எந்த க்ரீம் நல்லது என்று சிவரஞ்சனிக்கே யோசனை சொன்னாள். கடைசியில், வசந்த் ஆள் பிடித்துக் கொடுக்கும் லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிற சாந்தாமேரிதான் வழி காட்டினாள்.

“கரடியூருல என்ற தங்கச்சி இன்பமேரி ஊட்டுக்குப் போங்க. அவ புள்ள ஷீனாவுக்கு ஆறு வயசு. டிவி டிஷ்ஷக் கொரங்கு மூணு தடவ பிச்சுப் போட்டுருச்சு, நாலாவது தடவ அவியளும் மாட்டல. ஃபோனுக்கு டவரும் கெடையாது. அந்தப் புள்ள இன்னும் புள்ளையாத்தான் இருக்குது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரும் வண்டியேறிப் போனார்கள். எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற இன்பமேரி, விருந்தாளிகளைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

“ஏனுங்ணா, புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிருச்சுங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. கொழந்த எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க.”

“உங்குளுக்கே ஒண்ணு இருக்குதுங்களே?” என்று கவிப்பிரியாவைக் காட்டினாள் இன்பமேரி.

ஷீனா காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்த களத்தில், ஓர் ஆட்டுக்குட்டிக்குத் தன் பாவாடையைக் கட்டிவிடப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கவிப்பிரியா நேரே போய்க் கை கூப்பினாள்.

“வணக்கமுங்க. உங்க டேலண்ட் என்னங்க?”

ஷீனா கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைத் திறந்து, முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். “பல்லு ஆடுது.”

“எனக்கு ரெண்டு விழுந்துருச்சு.”

“சாணியில வச்சுக் கூரை மேல போட்டியா?”

“இல்ல. மேக்கப் ரூம்ல விழுந்துச்சு. கூட்டித் தள்ளிட்டாங்க.”

“அய்யய்யோ!” என்றாள் ஷீனா, நிஜமாகவே கவலையோடு. “அப்ப மொளைக்காதே!”

கவிப்பிரியாவின் முகம் மாறியது. இப்படி ஒரு ஆபத்து இருப்பதை அவளுக்கு எந்த நடுவரும் சொல்லியிருக்கவில்லை. மெல்ல உட்கார்ந்து ஆட்டுக்குட்டியின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் தலையிலும் மண். காப்பிக்கொட்டை நாலா பக்கமும் சிதறியது. இன்பமேரி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினாள். ஆட்டுக்குட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தது. கவிப்பிரியா வீரிட்டுக்கொண்டு ஓடி வந்து, வசந்தின் காலைக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் ஒளிந்தாள்.

“அப்பா! முட்டுதுப்பா! தொரத்திவுடுப்பா!”

வசந்த் ஆட்டுக்குட்டியை விரட்டக்கூடத் தோன்றாமல் நின்றான். இன்னொரு தடவை கூப்பிட மாட்டாளா என்று இருந்தது அவனுக்கு. சீரியலாவது ஒன்றாவது, இது போதுமே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான்.

ஒரு நிமிஷம்தான். எல்லாவற்றையும் செல்ஃபோனில் பிடித்துக்கொண்டிருந்த சிவரஞ்சனி துள்ளிக் குதித்தாள்.

“ஏனுங்க, இதே போதுமுங்க! ஆட்டுக்குட்டி, ஓட்டம், விழுகை, அழுகை. அப்படியே எடுத்துக்கலாம். ஆனா அப்பான்னு வேண்டாமுங்க. அம்மான்னு கத்துனாத்தான் பொம்பளைங்க அழுவாங்க. அவியதானுங்க ஓட்டுப் போடறது.”

வசந்த் வாயைத் திறந்தான். என்னவோ சொல்லத்தான் திறந்தான். “அதுவும் சரிதான்” என்று மூடிக்கொண்டான். பெரிய ஆம்பிளை!

அப்புறம் பதினைந்து நாள் ஒத்திகை. ஒன்று, துணி ஆட்டுக்குட்டிக்குப் பாவாடை. இரண்டு, ஓட்டம். மூன்று, விழ வேண்டும், பாவாடை சுருங்காமல். நான்கு, உதட்டைப் பிதுக்கி மூன்று எண்ண வேண்டும். ஐந்து, “அம்மா”. வசந்த் விரலால் எண்ணிக் காட்ட, கவிப்பிரியா இம்மி பிசகாமல் செய்தாள். நடுவில் ஒரு நாள் சாந்தாமேரி வந்து, கவிப்பிரியா அக்கா எப்போ வரும் என்று ஷீனா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றாள். “வேல முடிஞ்சுதுங்களே” என்றாள் சிவரஞ்சனி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு.

ஷூட்டிங் அன்றைக்கு ரிசார்ட் ஹால் முழுக்க பிளாஸ்டிக் புல் விரித்து, நடுவில் அட்டை ஊஞ்சல் ஒன்று நிறுத்தியிருந்தார்கள். வெளியே நிஜப் புல்லும் நிஜ ஊஞ்சலும் இருந்தன; காஸ்ட்யூம் கசங்கும் என்று யாரையும் விடவில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பால்புட்டியோடு உட்கார்ந்து, “மம்மி, லைட்டிங் ஃபிளாட்டா இருக்கு” என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தாயோ தகப்பனோ உதட்டைப் பிதுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளைவிட அவர்களுக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது.

கவிப்பிரியா மேடை ஏறினாள். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் வசந்த் நின்றான். ஒன்று, அற்புதம். இரண்டு, ஓடினாள். மூன்று, விழுந்தாள். விழுந்த சத்தம் ஒத்திகையில் கேட்டதைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது. நல்ல மைக் என்று நினைத்துக்கொண்டான். நான்கை எண்ணக் கையைத் தூக்குவதற்குள் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா!”

போச்சு! பதினைந்து நாள் உழைப்பு போச்சு! வசந்த் உதட்டை மாத்திரம் அசைத்து, கையை வேகவேகமாக ஆட்டினான்: அம்மா, அம்மா! கவிப்பிரியா அவனையே பார்த்தாள். பாதி நீட்டியிருந்த கையைக் கீழே போட்டாள். பிறகு கேமரா பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டைப் பிதுக்கி, சொல்லிக் கொடுத்தபடியே இழுத்து, “அம்மா…” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒத்திகையில் ஒரு நாளும் அப்படிக் கொட்டியதில்லை.

ஹால் மொத்தமும் எழுந்து நின்றது. பெண் நடுவர் டிஷ்யூவால் கண்ணை ஒற்றிக்கொண்டு, “இது நடிப்பே இல்ல. இதுதாங்க குழந்தை” என்றார். கவிப்பிரியா ஃபைனலுக்குப் போனாள். சிவரஞ்சனி ஆனந்தக் கண்ணீர் விட்டாள். அதையும் குளோசப்பில் எடுத்தார்கள்.

மேடைக்குப் பின்னால் மகளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் என்று ஓடினான் வசந்த். அவள் ஒரு ஒயர்ப் பெட்டி மேல் உட்கார்ந்து, வெள்ளைக் காலுறையை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். முழங்காலில் விரலளவுக்குக் கிழிந்து ரத்தம் கணுக்கால் வரை வழிந்திருந்தது.

“ஏங்கண்ணு… நெசமாவே அடிபட்டுதா?”

“பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில ஆணிங்க.”

“அதுக்குத்தான் அப்பான்னு கூப்பிட்டியா?”

“தப்பா வந்துருச்சுங்க, வசந்த் சார். சாரி. ஃபைனல்ல அப்படி ஆவாது.”

வசந்த் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கைக்குட்டையால் ரத்தத்தை ஒற்றினான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவளுடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

“வலிக்குமே சாமி… அழுவு கண்ணு. அப்பாகிட்ட அழுவு. அப்பா இங்கதான் இருக்கறேன்.”

கவிப்பிரியா சுற்றும் முற்றும் பார்த்தாள். கேமராக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். விளக்கெல்லாம் அணைத்தாகிவிட்டது.

“எதுக்குங்க?” என்றாள். “ரவுண்டுதான் முடிஞ்சு போச்சுங்களே.”

சிவரஞ்சனி செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டாள். கவிப்பிரியா காலுறையை ரத்தத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். போகும்போது லேசாக நொண்டினாள். அம்மா ஃபோனைத் தூக்கியதும் அதையும் நிறுத்திக்கொண்டாள்.