கருந்தேளுக்குக் கைதட்டல்

கைதட்டல் கேட்டதும் ஓர்தென்சியா முகத்தைச் சுளித்தாள்.

தொர்ரெயோன் நகர மல்யுத்த அரங்கில் அவள் பெயர் கருந்தேள். நல்லவர், கெட்டவர் என்று வேஷம் கட்டி மோதும் ஆட்டத்தில் அவள் கெட்டவள் கட்சி. கண்ணில் குத்துவாள், முடியைப் பிடித்து இழுப்பாள், நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் எதையும் செய்வாள். அவள் வந்தாலே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஊளையிடும். புற்றுநோய்க்கு மருந்து ஏறிய நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊளையைத்தான் நினைத்துக் கிடந்தாள்.

நோயிலிருந்து மீண்டு மேடைக்குத் திரும்பிய இன்றைக்கோ எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். "ஓர்தென்சியா!" என்று சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முன்வரிசையில் மீன்கடைக்காரி சோலேதாத் மூக்கைச் சிந்தினாள். "மகராசி, நல்லா இரும்மா!"

கெட்டவளுக்கு இதைவிடக் கேவலம் உண்டா? கூட்டம் பரிதாபப்பட்டுவிட்டால் அவ்வளவுதான். அரங்கத்துக்காரர் அடுத்த வாரமே விழா எடுத்து, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

எதிரே வெள்ளை முகமூடியில் யாதிரா. முதல் சுற்றில் அவள் ஜெயித்தாள். இரண்டாவதை விட்டுக்கொடுத்தாள். அது ஓர்தென்சியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. யாதிராவின் கழுத்துப் பிடியில் இருந்தபடியே சீறினாள்.

"என்னடி, முட்டையைத் தூக்குற மாதிரி தூக்குற?"

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாரோன்னு..."

"டாக்டருக்கா டிக்கெட் வித்திருக்கோம்? போட்டு அடிடி!"

கடைசிச் சுற்றில் யாதிரா தூக்கிப் போட்டாள். நிஜமாகவே மூச்சு அடைத்தது. ஓர்தென்சியா மண்டியிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அரங்கம் கப்பென்று அடங்கியது. "ஐயோ, மாதாவே!" என்று யாரோ அலறினார்கள். யாதிரா கையை இறக்கிவிட்டு ஓடிவந்து குனிந்தாள். நடுவர் தண்ணீர் கேட்டு அந்தப் பக்கம் கத்தினார்.

மூச்சு திரும்பிவிட்டது. நடுவர் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

ஓர்தென்சியா ஒரு விரலை யாதிராவின் கண்ணில் விட்டாள். கழுத்தையும் காலையும் சேர்த்துச் சுருட்டிப் புரட்டினாள். தன் கால்களைக் கயிற்றில் ஊன்றி, முழு பாரத்தையும் அவள்மேல் இறக்கினாள். தண்ணீர் பாட்டிலோடு திரும்பிய நடுவர் பாய்ந்து விழுந்து தரையைத் தட்டினார். ஒண்ணு, ரெண்டு, மூணு!

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூரை அதிர்ந்தது. பியர் கோப்பைகள் பறந்தன.

"ஏமாத்துக்காரி! கருந்தேளே, ஒழிஞ்சு போ!"

தரையில் கிடந்த யாதிரா கண்ணைத் தேய்த்துக்கொண்டே முகமூடிக்குள் முனகினாள். "பாவி அக்கா... நிஜமாவே பயந்துட்டேன்."

"பயப்படணும். அடுத்த வாரம் ஒழுங்கா அடி."

ஓர்தென்சியா கயிற்றில் ஏறி நின்று கைகளை விரித்தாள். தலையில் பியர் வழிந்தது. அந்த ஊளை முழுவதையும் நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டாள்.

சோலேதாத் நாற்காலிமேல் ஏறி, தொண்டை கிழியக் கத்தினாள். "உனக்காகப் போய் அழுதேனே! எமன்கூட வாயில போட்டுட்டு துப்பிட்டான்டி உன்னை!"

"ஆமாண்டி!" என்று ஓர்தென்சியா திருப்பிக் கத்தினாள். "கசந்திருப்பேன்!"