சொல்லில் இல்லாத நாய்

பெருநாள் தொழுகை முடிந்து, ஜெல்ஃபா நகரின் ஓரத் தெருக்களில் ஆட்டுத்தோல்கள் சுவரில் காயத் தொடங்கிய நேரம், வனீஸா ஒன்பதாவது வீட்டைப் பார்த்து முடித்திருந்தாள். அன்றைக்கு மட்டும் கால்நடை டாக்டர்கள் வீடு வீடாகப் போய் அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கிய முதல் வருஷமே அவள் பிறந்த தெருவை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கையில் ஒரு கட்டு துண்டறிக்கை. அதில் கொட்டை எழுத்தில், பிரெஞ்சில், ‘கீஸ்த் இதாத்தீக்’ என்று வியாதியின் பெயர் போட்டிருந்தது. எழுதியவன் ஆட்டைச் சாப்பாட்டுத் தட்டில் மட்டும்தான் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாவது வீடு அண்ணன் லக்தருடையது.

முற்றத்தில் கரி கனிந்திருந்தது. மதினி ஃபத்தீஹா கொழுப்புச் சவ்வைக் கழுவி விரித்து வைத்திருந்தாள். ஈரலைச் சுட்டு, துண்டு போட்டு, அந்தச் சவ்வில் சுற்றி மறுபடி சுட்டால் அதுதான் பெருநாளின் முதல் வாய். கரிப்புகை மூக்கில் ஏறியதுமே வனீஸாவுக்கு ஆறு வயதாகிவிட்டது.

அப்போதும் இதே முற்றம்தான். அப்பா ஈரலில் வெள்ளையாகப் புடைத்திருக்கும் தண்ணிப் பைகளை அரிந்து ஓரமாக வீசுவார். அதை போபிக்கு யார் கொடுப்பது என்று அவளுக்கும் லக்தருக்கும் வருஷா வருஷம் சண்டை. அந்த ஆறு வயதுப் பெருநாளில் அவள்தான் முந்திக்கொண்டு கொடுத்தாள். போபி ஒரு காது கிழிந்த மஞ்சள் நாய். லக்தர் கம்பளிக் குவியலில் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துத்தான் தூங்குவான். பதினாறு வயதில் அவன் வயிற்றைக் கிழித்து, ஈரலிலிருந்து ஆரஞ்சு அளவு பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் ஒரு நீளமான சொல். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அதை வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, வருகிறவர்களிடம் காட்டினார். மகனுக்கு வந்த வியாதிக்கு எவ்வளவு பெரிய பெயர் என்று அவருக்குப் பெருமை. சொல்லைக் கொடுத்த டாக்டர் பொருளைக் கொடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தெரியவில்லை.

பொருள் தெரிந்தது கல்லூரியில்தான். அறைத்தோழி தாவுஸ் மலைக்கிராமத்துக்காரி. வெள்ளிக்கிழமை மதியங்களில் அவள் வீட்டு அத்திப்பழத்தைத் தின்றுகொண்டே இருவரும் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுவார்கள். முதலில் பிரெஞ்சுச் சொல், நடுவில் அதன் கிரேக்கப் பொருள், கடைசியில் தங்கள் வீட்டில் அதை என்ன சொல்வார்கள் என்பது. வௌவால் இனத்தின் பெயருக்குப் பொருள் ‘கைச்சிறகு’ என்று தெரிந்த அன்று தாவுஸ் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தாள். “என்னமோ வானத்துலேர்ந்து குதிச்சவங்கன்னு பயந்தோம். நம்ம ஆடு மேய்க்கிறவன் மாதிரிதாண்டி பேரு வச்சிருக்கானுங்க.” அந்தச் சிரிப்பை நினைத்தால் வனீஸாவுக்கு இன்றும் அத்திப்பழம் நாக்கில் இனிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ‘கீஸ்த் இதாத்தீக்’ வந்தது. நடுப் பத்தியில் தாவுஸ் எழுதினாள்: பை, தண்ணீர். மூன்றாவது பத்தியில் வனீஸா எழுதினாள்: தண்ணிப் பை. அப்பா பத்திரத்தோடு பூட்டி வைத்த பெருமை அவ்வளவுதான். இருவரும் மறுபடி சிரித்தார்கள். பிறகு வனீஸா பாடப்புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினாள். ஆடு, அம்புக்குறி, நாய், அம்புக்குறி, மனிதன். பையைத் தின்னும் நாயின் குடலில் புழு வளர்கிறது. அதன் முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டி, மனிதன் கைக்கும் வாய்க்கும் போகிறது. சொல்லில் பை இருந்தது, தண்ணீர் இருந்தது. நாய் மட்டும் இல்லை. வனீஸா அன்று நோட்டை மூடிவிட்டாள். நாலு வருஷமாக லக்தரிடம் வாய் திறக்கவில்லை.

“வாங்க டாக்டரம்மா, முத்திரை குத்துங்க, பசிக்குது” என்றான் லக்தர். கையில் ஈரல். அதில் மூன்று பைகள். கீழே புது நாய் காத்திருந்தது. அந்த வீட்டில் எந்த நாய் வந்தாலும் போபிதான். அவன் மகள் ரீம், நாலு வயது, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஈரல் ஆகாது, கொதிக்கவைத்துப் புதைக்க வேண்டும் என்று வனீஸா சொல்லி, துண்டறிக்கையை நீட்டினாள். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இந்தச் சொல்லை எனக்கே காட்டுறியா? என் வயித்துலேர்ந்து எடுத்தது இதுதானே. ஆபரேஷன் பண்ணியாச்சு, போயிடுச்சு. அதுக்கும் நாய் சோத்துக்கும் என்னடி?” கத்தி பையின் மேல் இறங்கியது.

சொன்னால் அண்ணன் அவளை வெறுத்துவிடலாம். சொல்லாவிட்டால் ரீமுக்கும் அதே பை வரலாம். அவளுக்குக் கோபம் வந்தது, ஆஸ்பத்திரி மேல், துண்டறிக்கை மேல், எல்லாவற்றுக்கும் மேல் நாலு வருஷம் மூடிக்கிடந்த தன் வாய் மேல்.

“நாய்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்துச்சு அண்ணே. ஆட்டுலேர்ந்து நாய்க்கு, நாய்கிட்டேர்ந்து உனக்கு. போபிக்கு அதைக் குடுத்தவ நான். எனக்கு நாலு வருஷமாத் தெரியும்.”

கரியை விசிறிக்கொண்டிருந்த மதினியின் கை நின்றது. லக்தர் சட்டைக்கு மேலேயே தழும்பைத் தடவினான். மகளைப் பார்த்தான். நாயைப் பார்த்தான்.

“ரீம், அம்மாகிட்ட போ. கையைக் கழுவு” என்றான். நாயைச் சங்கிலியில் கட்டினான். ஈரலை மூடிபோட்ட பானையில் வைத்து அடுப்பேற்றிவிட்டு, கடப்பாரையை எடுத்தான். முற்றத்து ஓரத்தில் தோண்டத் தொடங்கினான். குழி இடுப்பளவு ஆனது. வனீஸா போகவும் முடியாமல் கரையிலேயே நின்றாள்.

“நாயை என்ன செய்யணும்?” உள்ளிருந்து கேட்டான்.

“மருந்து இருக்கு. நானே குடுக்கிறேன்.”

அவன் மண்ணை வெளியே அள்ளிப்போட்டான். “அந்தப் பழைய போபி நல்ல நாய்டி.”

“ஆமா.”

“நீ குடுத்த அந்த வருஷம் என் முறை. நீ முந்திக்கிட்ட. இல்லன்னா நானே குடுத்திருப்பேன்.” அண்ணாந்து பார்த்தான். “நாலு வருஷம் நீ சும்மா இருந்ததுக்கு மட்டும் நான் கோபமா இருக்கேன். போய் இதயத்தையாவது சுடச் சொல்லு. வெறும் வயித்துல எவ்வளவு தோண்டுறது.”

அந்தப் பெருநாளின் முதல் வாய் இதயம்தான். கொஞ்சம் கடினமாக இருந்தது. பதினொன்றாவது வீட்டுக் கதவைத் தட்டுமுன் வனீஸா துண்டறிக்கைக் கட்டைப் பைக்குள் திணித்தாள். கதவு திறந்ததும் முதலில் கேட்டாள்: “நாய் வளர்க்கிறீங்களா?”