மதினி கை தட்டவில்லை

ஓட்டல் சலவைக்கூடத்தில் பகல் முழுக்க நீராவி. கொடியில் வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பி ஆடும். நடுவே நடந்தால் நான் இருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகம் வரும். எந்தக் கறை போகும், எது போகாது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது முழங்கை நனைந்ததா என்று மட்டும் தெரியாது. மறுபடி கழுவுவேன். தொழ நின்றால் எத்தனையாவது ரக்அத், எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோகும். முறித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். அதற்குள் மாலைத் தொழுகையான அஸர் நேரமே போய்விடும்.

"இது ஈமான் குறைவு, நம்பிக்கைக் குறைவு இல்லம்மா, நோய். சந்தேகம் வந்தா திரும்பச் செய்யாதீங்க" என்றார் மனநல மருத்துவர். சொல்வது சுலபம். மறுமையில் எனக்காக அவரா பதில் சொல்லப்போகிறார்?

என் அண்ணன் மனைவிக்கும் அங்கேதான் வேலை. அன்று இஸ்திரி மேசையருகே அவரிடம் வெடித்துவிட்டேன். "இன்னைக்கும் முறிஞ்சா தொழுகையையே விட்டுடுவேன் மதினி. அல்லாஹ் முன்னாடி நிக்கவே பயமா இருக்கு."

மதினி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எனக்கு இமாமா நின்னு தொழவை. இமாம் தப்பு பண்ணா பொம்பளைங்க கை தட்டித்தானே சொல்லணும்? நான் தட்டுறேன். தட்டலைன்னா பேசாம மேல போ."

"நானா இமாம்? விளங்கிடும்!"

"விளங்கும், வா."

விரிப்புகளுக்குப் பின்னால் தோளோடு தோள் நின்றோம். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டியதும் இயந்திரங்களின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. துணியை ஊடுருவி வெளிச்சம் பாலாக இறங்கியது. நெற்றி பதித்த ஸஜ்தாவில் தரை மெல்ல மிதந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தபோது வந்தது சந்தேகம். இது மூன்றாவதா, நான்காவதா? உடம்பெல்லாம் காதாக இருந்தேன். மதினி கை தட்டவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன்.

"நாலு ரக்அத்தும் ஆச்சுதானே மதினி?"

"நான் எங்கே எண்ணினேன்?" மதினியின் முகம் நனைந்திருந்தது. "தட்டணும்னே மறந்துட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் வேற நினைப்பில்லாம தொழுதேன். நீ பாத்துக்குவேன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்னையே நம்பாதபோது, இவர் தன் தொழுகையையே என்னிடம் ஒப்படைத்திருக்கிறாரே! மறுபடி தொழுவோம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மதினி கண்களை மூடி, கையேந்தி துஆவில் ஆழ்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

பயமாகத்தான் இருந்தது. நானும் கையேந்தினேன்.