குதிரைவாலிக் களை

கோச்சடையில் வைகைத் தண்ணீர் பாயும் வயல்களில் களையெடுத்துப் பேர் வாங்கியவள் தங்கப்பொண்ணு. ஐ.ஆர். எட்டு ரக நடவுக்குள் நெல்லைப் போலவே வேஷம் கட்டி நிற்கும் குதிரைவாலிப் புல் அவள் கண்ணுக்குத் தப்பாது. இலை தண்டைப் பிடிக்கும் இடத்தைப் பார்ப்பாள். நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வு இருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது. கல்யாணமாகிக் கப்பலூருக்குத் தெற்கே மழையை நம்பிய மானாவாரிக் காட்டுக்கு வந்தவள், அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் புகுந்த வீட்டிலும் காட்ட நினைத்தாளே, அங்கேதான் வந்தது வினை.

புருஷன் முத்திருளனும் மாமியார் அன்னக்கொடியும் சந்தைக்குப் போன அன்று, ஒருவரையும் கேட்காமல் காட்டில் இறங்கினாள். நெல்லுக்குள் பாதிக்குப் பாதி அந்தப் புல். இப்படியுமா வெள்ளாமை பார்ப்பார்கள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே பிடுங்கினாள். பொழுது சாய்வதற்குள் காடு சுத்தமாகிவிட்டது.

வந்து பார்த்த அன்னக்கொடி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏத்தா, அது களையில்ல. நாமதேன் கலந்து வெதச்சோம். மழை ஏமாத்துனா நெல்லு கருகிப்போகும், குதிரவாலி நின்னு கஞ்சி ஊத்தும்." சட்டென்று எழுந்தாள். "பிடுங்குனத எங்க போட்ட? அது லேசுல சாகாது. ஈரம் கண்டா திரும்ப வேர் பிடிக்கும். தண்ணி தெளிச்சு ஊனிப் பாப்பம்."

லேசில் சாகாது என்பது தங்கப்பொண்ணுக்கும் தெரியும். அதனால்தான் மண்ணை உதறி, வேரை வெயிலுக்குக் காட்டி, பாறைமேல் பரப்பி வைத்திருந்தாள்.

மாமியார் திட்டவில்லை. புருஷனும் ஒரு சொல் சொல்லவில்லை. மழையும் வரவில்லை. நெல் கதிர் வைக்கும் முன்பே கருகிப்போனது.

பக்கத்துக் காட்டில் குதிரைவாலி அறுத்துக்கொண்டிருந்த சீனியம்மாள் ஒருநாள் வரப்போரம் வந்தாள். "என்னக்கா, ஒங்க காட்டுல ஒரு குதிரவாலிகூட நிக்கலையே?"

"ஆடு மேஞ்சிருச்சு," என்றாள் அன்னக்கொடி.

நான்கு அடி அடித்திருந்தால்கூடத் தங்கப்பொண்ணு தாங்கியிருப்பாள். தனக்காக ஒருத்தி அந்த வயசில் பொய் சொல்லி நிற்பதைத் தாங்க முடியவில்லை.

"ஆடு இல்ல சின்னத்தே. நாந்தேன் களைன்னு பிடுங்கிட்டேன்."

சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று ஊர்ப்பக்கம் நடந்தாள்.

அன்னக்கொடி மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒன்னைய ஊரு சிரிச்சிறக் கூடாதுன்னுதேன் அப்பிடிச் சொன்னேன்த்தா," என்றாள். "இனி எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவகிட்டப் போயி கஞ்சிக்கு ரெண்டு படி குதிரவாலி கேப்பேன்?"