துவைக்காத சட்டைகள்

மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடி குவில்ட் தைக்கிறார்கள். வீட்டில் மிஞ்சிய துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து மேல்துணியாக்குவது, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி வைப்பது, பிறகு மூன்றையும் சேர்த்துக் கையால் தைப்பது. முடிந்த போர்வைகள் ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகும். ஒன்றைக்கூட விற்றதில்லை.

ஆரம்பித்தவர்கள் அகஸ்டினாவும் வெரோனிகாவும். அகஸ்டினா பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் தையல் கோடு போட்டதுபோல் இருக்கும். கட்டங்களின் மூலைகள் ஊசிமுனையில் சந்திக்கும். வெரோனிகாவுக்குத் தையல் சுமார்தான். ஆனால் அவள் உட்கார்ந்த இடத்தில் பேச்சும் சிரிப்பும் இருக்கும். ஒருத்தி தையலுக்கு, ஒருத்தி பேச்சுக்கு என்று கூடம் நன்றாகவே ஓடியது. தையல் முடிந்ததும் இருவரும் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி, ஒரே ஆட்டோவில் திரும்புவார்கள். சிறு வயதிலிருந்து தொடரும் சிநேகிதம்.

மாலா வந்த பிறகு அது மாறியது.

மாலா மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். நாற்பது வயது. முதல் நாளே இரண்டு பை நிறையத் துணி கொண்டுவந்து மேசைமேல் கொட்டி, "யாருக்கு எது வேணுமோ எடுத்துக்குங்கக்கா" என்றாள். மற்றவர்கள் சந்தைக்கு வந்ததுபோல் பாய்ந்தார்கள். அகஸ்டினா தன் பையின் வாயைக் கட்டிக்கொண்டாள். பிரான்சில் இருக்கும் தம்பி அனுப்பிய பூப்போட்ட பருத்தித் துணிகள் அவள் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றில் ஒரு சாண்கூட அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. நல்ல வேலைக்கு ஆகட்டும் என்று வைத்திருந்தாள். அந்த நல்ல வேலை இன்னும் வரவில்லை.

மாலாவின் தையல் கோணல். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை வைப்பாள்; கட்டம் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வரும். "இது என்னடி, பல்லு போன வாய் மாதிரி" என்று வெரோனிகா சிரிப்பாள். மாலாவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து போர்வைகளைப் பிரித்துப் பார்த்தபோது முதலில் கைநீட்டி எடுத்தது மாலாவுடையதைத்தான். "ஐய, எவ்ளோ சந்தோஷமா இருக்கு பாருங்க" என்றாள். அகஸ்டினாவின் போர்வையைத் தடவிப் பார்த்து, "இது மிஷின்லயா தச்சீங்க?" என்று கேட்டாள். கையால் தைத்தது என்று சொல்ல அகஸ்டினாவுக்கு மனம் வரவில்லை.

அதையாவது அவள் விழுங்கிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை தையல் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, வெரோனிகா மாலாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"டினா, எனக்கு முட்டி வலி. மாலா மார்க்கெட்ல எறக்கி வுடறேங்குது. நீ மெதுவா வா, மீன்கடையில நிக்கிறோம்."

அகஸ்டினா மீன்கடைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டாள். வெரோனிகா போன் செய்து, "எங்கடி போன?" என்று கேட்டபோது தலைவலி என்றாள். அடுத்த வாரமும் ஸ்கூட்டர்தான்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் வெரோனிகாவின் கணவர் பிரகாசம் இறந்திருந்தார். மின்துறையில் வேலை பார்த்தவர். ஆள் பருமன், சத்தமான பேச்சு. மூச்சிரைப்பு இருந்ததால் எந்நேரமும் மார்பில் தைலம் தடவிக்கொண்டிருப்பார். அவருடைய சட்டைகளை வைத்து ஒரு குவில்ட் செய்ய வேண்டும் என்று அகஸ்டினா மனதுக்குள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். வெரோனிகா தானே வந்து கேட்பாள், அப்போது அலமாரியைத் திறக்கலாம், அடித்துணிக்கு அந்தப் பூப்போட்ட துணி சரியாக இருக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். தன் வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது. காத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மாலா ஒரு பையைத் திறந்து சட்டைகளை மேசைமேல் பரப்பினாள். தைல வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அகஸ்டினாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வெரோனிகா அக்கா குடுத்தாங்க" என்றாள் மாலா, குரலைத் தாழ்த்தி. "அண்ணனோட சட்டை. வருஷத் திவசப் பூசைக்குள்ள முடிக்கணும்னு சொன்னாங்க. எனக்கு வெட்டவே பயமா இருக்குக்கா."

வெரோனிகா அன்று வரவில்லை. மற்றவர்கள் மாலாவைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அகஸ்டினா தன் இடத்திலிருந்து எழவில்லை. ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள்; நூல் நுழையவில்லை. வாயில் வைத்து ஈரப்படுத்தி மறுபடி பார்த்தாள். அந்தச் சட்டைகளில் பாதியை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். நீலக் கட்டம் போட்டது பெந்தகோஸ்துத் திருநாளுக்கு. வெள்ளையெல்லாம் ஆபீசுக்கு. அரக்குச் சிவப்பு, அவளே கடைக்குக் கூடப் போய் வெரோனிகாவுக்குத் தேர்ந்துகொடுத்தது. இத்தனையும் தெரிந்தவள் ஒருத்தி இருக்க, நேற்று வந்தவளுக்கா?

கூட்டம் கலையும் நேரத்தில் மாலா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அந்த அரக்குச் சட்டை.

"அக்கா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். தொவைக்காம தைக்கணும்னு சொல்லிட்டாங்க, அவரு வாசனை போயிடும்னு. மத்ததுல முக்காவாசி வெள்ள. இது சாயம் போவுமா?"

கைத்தறிச் சட்டை. ஈரத்துணியை ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். தேய்க்காமலே அகஸ்டினாவுக்குத் தெரியும். ஒருமுறை மழையில் நனைந்து வந்த பிரகாசத்தின் பனியன் ரோஜா நிறமானதை வெரோனிகா சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"ஒண்ணும் ஆவாது" என்றாள். "தை."

மாலாவின் முகம் மலர்ந்தது. "நீங்க சொன்னா சரிக்கா" என்று அவள் கையைப் பிடித்துக் கொண்டாள். அகஸ்டினா கையை உருவிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொன்னாள். துவைக்கப் போவதில்லையே, பிறகு சாயம் எப்படிப் போகும்? நடுவில் நடுவில், வெரோனிகா அந்தப் போர்வையைப் பார்த்து முகம் சுளிப்பது கண்ணில் தெரிந்தது. அதைப் பார்க்க இனிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அடுத்த சனிக்கிழமைகளில் மாலாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எழுந்தாள். இரண்டு தரமும் வெரோனிகா மாலாவின் தோளில் சாய்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மேல்துணியை இணைத்து முடித்துவிட்டேன், சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று மாலா போனில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். வெரோனிகா முன்னதாகவே வந்து காத்திருந்தாள். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மாலா உள்ளே வந்தபோது தலை முதல் கால்வரை சொட்டியது. கையில் இருந்த பையும் சொட்டியது. வில்லியனூர் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோய், தள்ளும்போது கொக்கியிலிருந்து பை நழுவி விழுந்திருக்கிறது.

வெரோனிகா தானே துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள். நடுவில் அரக்குக் கட்டங்கள். அவற்றைச் சுற்றியிருந்த வெள்ளைச் சட்டைகளெல்லாம் வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் சிவந்து, ஓரத்துக்குப் போகப் போக வெளிறியிருந்தன. ஒரு கட்டத்தில் பிரகாசத்தின் சட்டைப்பை அப்படியே, பேனா மசிக்கறையோடு வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அதுவும் சிவந்திருந்தது.

மாலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பவே கொதிக்கிற தண்ணில சோப்புத்தூள் போட்டு ஊற வச்சா போயிடும்" என்றாள் கூடத்துக்கு வரும் ராஜாம்பாள், மேசையின் மறுகோடியிலிருந்து. "காயறதுக்குள்ள செஞ்சிடணும். டினா, சொல்லேன்."

அகஸ்டினா தலையசைத்தாள். போய்விடும்தான். தைல வாசனையும் சேர்ந்து போய்விடும். அதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை; வெரோனிகா ஏற்கெனவே குனிந்து துணியில் முகத்தை வைத்திருந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது மூக்கின் நுனியில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது.

"இன்னும் இருக்கு" என்றாள். "வேணாம். கறை இருந்துட்டுப் போவட்டும். யாரும் தொவைக்காதீங்க."

மாலா உடைந்து அழுதாள். "மன்னிச்சிடுங்கக்கா. நான்தான் பாக்காம வுட்டுட்டேன். சாயம் போவுமான்னு பாத்திருக்கணும். என் தப்புதான்."

சொல்லும்போது அவள் பார்வை ஒரு கணம் அகஸ்டினாவைத் தொட்டு விலகியது. அதில் கோபம் இல்லை. காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று மட்டும் இருந்தது. வெரோனிகா அவள் ஈரத்தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, "அழாதடி, உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்று தடவிக்கொடுத்தாள்.

அகஸ்டினாவால் அதைத் தாங்க முடியவில்லை. இதிலும் அவளே நல்லவளா?

"அவ என்கிட்ட கேட்டா" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "சாயம் போவுமான்னு என்கிட்ட வந்து கேட்டா. போவும்னு எனக்குத் தெரியும். போவாதுன்னு சொன்னேன்."

வெரோனிகாவின் கை மாலாவின் தலைமேல் நின்றது.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"தெரிஞ்சேதான்."

வெரோனிகா அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று அகஸ்டினா நினைத்தாள். திட்டியிருந்தால் பதில் இருந்தது.

"வீட்டுக்குப் போ டினா" என்றாள் வெரோனிகா. "இன்னிக்குப் போயிடு."

குடையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த சனிக்கிழமைகளில் கூடத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிவதற்கு முன்பே எழுந்து வந்தாள். வீட்டில் பாதியில் நின்ற குழந்தைப் போர்வை ஒன்று கிடந்தது. அதை எடுத்தால், கூடத்தில் இப்போது யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்ற யோசனை வந்துவிடும். கீழே வைத்துவிடுவாள். செய்த தப்புக்காக வருந்தியதைவிட, தான் இல்லாமல் அங்கே சிரிப்பு நடக்குமே என்று பொருமியதே அதிகம். அது அவளுக்கே தெரிந்திருந்தது, தெரிந்தும் நிற்கவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலை வெரோனிகா வந்தாள். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த மேல்துணியை எடுத்து மேசைமேல் வைத்தாள். காய்ந்திருந்தது. கறை அப்படியே இருந்தது.

"இதைக் கையால தச்சிக் குடு. பூசைக்கு இன்னும் நாள் இருக்கு. தொவைக்காத. கறைய எடுக்கறேன்னு எதுவும் பண்ணாத."

அகஸ்டினா துணியைத் தொடவில்லை. "முதல்லயே ஏன் என்கிட்ட கேக்கல?"

"உன்கிட்ட குடுத்திருந்தா நீ தொவைச்சிருப்ப."

"நீ வேணாம்னு சொல்லியிருந்தா..."

"சொன்னாலும் தொவைச்சிருப்ப டினா. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு, தாங்காம ஒரு அலசு அலசிப் போட்டிருப்ப. அந்தப் பாக்கெட்டை வெட்டிப் போட்டிருப்ப, மசி இருக்குன்னு. ரொம்ப அழகா இருந்திருக்கும். அதுல அவர் இருந்திருக்க மாட்டார்."

அகஸ்டினா மசிக்கறை படிந்த அந்தச் சட்டைப்பையைப் பார்த்தாள். அவளே சட்டைகளை வாங்கியிருந்தால் முதல் வேலையாக வாளியைத்தான் எடுத்திருப்பாள்.

"எனக்குப் பொறாமை வெரோனிகா" என்றாள். "இப்பவும் இருக்கு."

"தெரியுது" என்றாள் வெரோனிகா. "எனக்குக் கோவம் இருக்கு. அதுவும் போவல. காபி போடறியா?"

அடுப்பை மூட்டும்போது முன்னறையிலிருந்து வெரோனிகாவின் குரல் கேட்டது. "மூணு கப் போடு. மாலா வண்டிய நிறுத்திட்டு வருது. இது மாலா செஞ்ச குவில்ட். அதுவும்தான் உக்காந்து தைக்கும்."

அகஸ்டினா பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு மூன்றாவது கப்பை எடுத்தாள்.

அலமாரியைத் திறந்து பூப்போட்ட துணியை எடுத்து அடித்துணியாக விரித்தது அன்று பிற்பகல். மாலா அதைத் தடவிப் பார்த்து, "ஐயோ, இவ்ளோ நல்ல துணியா போடப்போறீங்க?" என்றாள். "வேற எதுக்கு வச்சிருக்கேன்" என்று எரிச்சலாகவே சொன்னாள் அகஸ்டினா. மாலாவிடம் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பிறகுதான், ஊசியைப் பார்த்தபடி, இரண்டே வார்த்தையில். "வுடுங்கக்கா" என்றாள் மாலா. அப்படிச் சுலபமாக விட்டுவிட்டது அகஸ்டினாவுக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

பொங்கல் வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தார்கள். அகஸ்டினாவின் தையல் எறும்பு வரிசைபோல் ஓடியது. மாலாவின் தையல் தாவித் தாவிப் போனது. ஒருநாள் மாலா கிளம்பிய பிறகு அகஸ்டினா கத்தரியை எடுத்து அவள் தையலில் ஒன்றை அறுத்தாள். இரண்டாவதில் வைத்த கத்தரியை வெட்டாமல் எடுத்தாள். அப்புறம் அறுத்த இடத்தில் நூல் கோத்து, மாலாவுடையதைப் போலவே பெரிதாக, கோணலாகத் தைத்து வைத்தாள். அப்படித் தைப்பது அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

பூசை முடிந்த அன்று வெரோனிகாவின் வீட்டில் போர்வையைக் கட்டிலில் விரித்தார்கள். வெரோனிகா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கையை ஓட்டினாள். சட்டைப்பை, காலர், கறை எல்லாவற்றையும் மெதுவாகக் கடந்து வந்த கை ஓரிடத்தில் நின்றது. வெரோனிகாவின் முகம் இளகியது. மாலா வாசற்பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

அகஸ்டினா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள், கை நின்றது யார் தையலின் மேல் என்று.